சோதனைக் காலத்தில் சிநேகம்

(நமது சங்கத்தின் புனே கிளை மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கீதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கிளைச் செயலாளர் உத்தரவு போட்டார். நான் வித்வான் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்காரில் 36 வருஷம் ஃபைல் பார்த்தவன். ராகம் பாடத் தெரியாது. கேட்டால் ஓரளவு கண்டுபிடிப்பேன், அதுவும் பக்கத்து நாற்காலிக்காரர் முந்திக்கொள்ளாமல் இருந்தால்! ஆகவே சங்கீதத்தை வித்வான்களிடம் விட்டுவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஜாதியான ரசிகர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கச்சேரி இடைவேளையில் காப்பிக்கு நிற்கும்போது ரசிகர்கள் எதைப் பேசுகிறார்கள்? கல்யாணியையும் காம்போதியையும் பற்றி இரண்டு நிமிஷம். மீதி நேரமெல்லாம் பாடுகிறவர்களைப் பற்றித்தான். அதிலும் ஒரு பிரபலத்தின் மேல் ஏதாவது புகார் கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். "இத்தனை நாள் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தாரே, இப்போ வாயைத் திறக்கிறாரா பாருங்கோ" என்று ஒரு கட்சி. "திறந்துட்டாரே, இவ்வளவு அவசரமா ஏன் வக்காலத்து வாங்கணும்?" என்று எதிர்க்கட்சி. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். காப்பி ஆறிப் போகும், வாதம் ஆறாது.

இது இன்றைக்குப் புதிதாக முளைத்த பழக்கம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு 80 வருஷத்துக்கு முந்தைய ஒரு வழக்கை ஞாபகப்படுத்த விரும்புகிறேன்.

லக்ஷ்மிகாந்தன் வழக்கு

பெரியவர்களுக்குத் தெரிந்த கதைதான். இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.என். லக்ஷ்மிகாந்தன் என்று ஒருவர் சென்னையில் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையெதையோ எழுதுவார். பத்திரிகை நன்றாக விற்றது. எம்.கே. தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், கோவைப் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகை நின்றது. அவர் 'இந்து நேசன்' என்று வேறு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினார்.

1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லக்ஷ்மிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். டிசம்பர் மாதக் கடைசியில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1945 மே மாதம் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின் பேரில் இருவருக்கும் தீவாந்தர சிட்சை, அதாவது ஆயுள் தண்டனை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அப்பீலைத் திரும்ப விசாரிக்கும்படி அங்கே உத்தரவாயிற்று. வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1948ல் சென்னையில் பெண்களுக்குக் கல்லூரி ஆரம்பித்தாரே, அதே எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். கொலையின் பின்னணியில் உண்மையில் இருந்தது யார் என்பது இன்றுவரை தீராத மர்மம்.

பாகவதர் என்றால் அன்று என்ன மதிப்பு என்பதை ஒரே ஒரு விஷயத்தால் சொல்லலாம். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தீபாவளிக்கு அவர் வெளியே இருந்தார். இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளுக்கு ஜெயிலில் இருந்தார். உள்ளே கைதி, வெளியே திரையில் கதாநாயகன். பாபநாசம் சிவனும் ஜி. ராமநாதனும் சேர்ந்து தந்த அந்தச் சாருகேசியைக் கேட்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அவர் ஒப்பந்தமாகியிருந்த பல படங்கள் கைதான உடனேயே கைவிட்டுப் போயின.

எங்கள் திண்ணையில் நடந்த வாதம்

பாகவதர் காலமானது 1959 நவம்பர் 1ஆம் தேதி. எனக்கு 8 வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். பேப்பரில் செய்தி வந்த அன்று ராத்திரி திண்ணையில் என் தகப்பனாரும், அத்தையின் அகத்துக்காரரான அத்திம்பேரும் வெற்றிலைப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பாவிடம் பாகவதர் பிளேட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு. அத்திம்பேர் ஜி.என்.பி. கட்சி. இருந்தாலும் பாகவதர் விஷயத்தில் அவருக்கும் கண் கலங்கும்.

"சாப்பிட்டவா எத்தனை பேர்? ஜெயிலுக்குப் போனப்புறம் திரும்பிப் பார்த்தவா எத்தனை பேர்?" என்று ஆரம்பித்தார் அத்திம்பேர்.

"அப்படி எல்லாரையும் சொல்லிட முடியாது அத்திம்பேர். வெளியில வந்தப்புறம் அவர் எடுத்த ராஜமுக்திக்கு பாபநாசம் சிவன் பாட்டு எழுதிக் கொடுக்கலையா? மேடைல ஏறிப் பேசினாத்தான் சிநேகமா?"

"வெளியில வந்தப்புறம் செஞ்சது சரி. உள்ள இருந்தபோது?"

இப்படியே ஒவ்வொரு பெயராக எடுத்தார்கள். பாகவதருக்கென்று பேசிவைத்திருந்த 'உதயணன்' கதை ஜி.என்.பி.க்குப் போயிற்று என்று அப்பா ஒரு குத்து விட்டார். "தொழில்னா யாராவது ஒருத்தர் பண்ணித்தானே ஆகணும்? படத்தை நிறுத்தினா நூறு பேருக்கு வயித்துப் பிழைப்பு போயிடும்" என்று அத்திம்பேர் தம் வித்வானுக்கு வக்கீலாகிவிட்டார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் எல்லாரையும் திட்டியவர் அவர்தான்!

கலைவாணர் பக்கம் பேச்சு திரும்பியபோது வாதம் இன்னும் சூடாயிற்று. ஏனென்றால் அங்கே விசுவாசத்துக்குப் பல ரூபங்கள் இருந்தன. டி.ஏ. மதுரம் அம்மாள் வழக்குச் செலவுக்காகப் பட்ட பாடு நாடறிந்தது. எஸ்.வி. சகஸ்ரநாமம் கலைவாணரின் நாடகக் குழுவை ஏற்று நடத்தினார். வழக்குக்குப் பணம் வேண்டும் என்றே 'பைத்தியக்காரன்' படத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். அது முடிவதற்குள் கலைவாணரே விடுதலையாகி வந்து அதில் நடித்தார். 1947ல் படம் வெளியாயிற்று.

அதே குழுவிலிருந்து கே.ஆர். ராமசாமி பிரிந்து போனார். போனவர் தம் புதுக் குழுவுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'கிருஷ்ணன் நாடக சபா'. கலைவாணரின் பெயரேதான்! அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யெல்லாம் மேடையேறியது அந்தச் சபாவில்தான்.

"விட்டுட்டுப் போனவன் பேரை மட்டும் எடுத்துண்டு போனான்" என்றார் அத்திம்பேர்.

"ஜெயில்ல இருக்கிற ஒருத்தர் பேரைத் தன் கம்பெனிக்கு வெச்சானே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்றார் அப்பா.

நான் தூண் ஓரத்தில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரிவதற்குள் தூங்கிவிட்டேன். பெரியவனானபின் யோசித்ததில், யாரும் ஜெயித்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. ஒரு மனிதனின் விசுவாசத்தை வெளியிலிருந்து பார்த்து மார்க் போட ரசிகனிடம் என்ன அளவுகோல் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்குள்தான் பேசிக்கொள்கிறோம், ஆகவே மறைக்காமல் சொல்கிறேன். பாகவதர் பாட்டுக்கு எங்கள் அக்ரஹாரம் முழுக்க அடிமை. மாமிகள் அடுப்படியில் முணுமுணுப்பார்கள். ஆனால் தீர்ப்பு வந்த 1945ல் அதே அக்ரஹாரத்தில் "என்ன இருந்தாலும் சினிமாக்காரர்தானே, நம்மவா இல்லையே" என்று ஒரு பேச்சு அடிபட்டதாக அப்பா சொல்வார். பாட்டுக்கு நம்மவர், பழிக்கு அந்நியர். என் தாத்தாவும் அந்தப் பிளேட்டுகளை அகத்தில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அப்பா இரண்டு வருஷம் டிரங்குப் பெட்டியைத் திறக்கவில்லை. 1947 ஏப்ரலில் செய்தி வந்த அன்று தாத்தாவே "பாகவதரைப் போடேன்" என்றாராம். அப்பா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். எனக்கு மட்டும் அதில் ஏதோ இடிக்கும். கோர்ட்டு விடுவித்த பிறகு பெட்டியைத் திறப்பதற்குக் கோர்ட்டு போதுமே, ரசிகன் எதற்கு என்று தோன்றும்.

புனேயும் இந்தக் கதையும்

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. கலைவாணரும் மதுரம் அம்மாளும் ஒருவரையொருவர் அறிந்ததே 1936ல் வந்த 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே வந்தபோதுதான். பத்து வருஷம் கழித்து அவரை மீட்கப் பணத்துக்கு அலையப்போகிற உறவு நம் ஊரில் தொடங்கியது.

பாகவதர் விடுதலைக்குப் பின் தாமே தயாரித்த 'ராஜமுக்தி'யும் இங்கேதான், பிரபாத் ஸ்டூடியோவில், படமாயிற்று. இப்போது திரைப்படக் கல்லூரி இருக்கிற இடம். லா காலேஜ் ரோடு பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். வசனம் எழுதப் புதுமைப்பித்தன் புனேக்கு வந்தார். க்ஷயரோகம் முற்றித் திரும்பியவர் 1948ல் காலமானார். அதே வருஷம் ராஜமுக்தி வெளியாகித் தோல்வியடைந்தது. கோர்ட்டு திருப்பிக் கொடுத்த பெயரை ஜனங்கள் முழுதாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். 'நல்லதம்பி', 'மணமகள்' என்று படங்கள் வந்தன. 1957ல் அவர் காலமானார். பாகவதரோ பழைய உச்சிக்குத் திரும்பவே இல்லை.

நான் சொல்ல வேண்டியது

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். அது சுலபம். இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு 39 வருஷமாகியிருக்கிறது.

1975ல் உத்தியோகத்தில் சேர்ந்து மத்தியப் பிரதேசத்தில் ஒரு நகரத்துக்குப் போனேன். இந்தி தெரியாது, சமைக்கத் தெரியாது. அங்கே எனக்கு முன்னால் சேர்ந்திருந்த ஒரு தமிழ் நண்பன். பெயர் வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒன்றரை வருஷம் அவன் அகத்தில்தான் ராத்திரிச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேப் ரிக்கார்டரில் அரியக்குடியும் ஜி.என்.பி.யும் கேட்போம். அவனுக்கும் பாகவதர் பைத்தியம் உண்டு. எங்கள் திண்ணை வாதத்தை அவனுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். "நான் ஜெயிலுக்குப் போனா நீ பார்க்க வருவியாடா?" என்று சிரிப்பான். "பட்சணத்தோட வருவேன்டா" என்பேன்.

1986ல் அவன் பொறுப்பில் இருந்த ஸ்டோர்ஸில் சரக்கு குறைந்தது. சஸ்பெண்டு செய்தார்கள். சம்பளத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஒரு படி மட்டும் வரும். இரண்டு பெண் குழந்தைகள். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. அந்தச் சமயம் என் பதவி உயர்வு கமிட்டி முன்னால் இருந்தது. மேலதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் தள்ளியே இருங்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார்.

இலாகா விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் தமக்குத் துணையாக இன்னொரு அரசு ஊழியரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. வக்கீல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து காகிதங்களைப் படித்து, சாட்சிகளைக் கேள்வி கேட்கும் ஒருவர். என் நண்பன் என் அகத்துக்கு வந்து, "நீ வர்றியாடா?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலை ரொம்ப அதிகமா இருக்குடா. அதோட எனக்கு ஸ்டோர்ஸ் விதியெல்லாம் அவ்வளவு தெரியாது." இரண்டும் பொய்யில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அவன் வற்புறுத்தவில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு நான் அவன் அகத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வைத்துக்கொண்டேன்.

துணைக்குப் போனவர் அதே அலுவலகத்தில் இருந்த ஒரு மராட்டியர். அவருக்குச் சங்கீதம் ஒரு வாடை கூட ஆகாது. என் நண்பனோடு அதற்கு முன் பத்து வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ. ஒருநாள் கேண்டீனில் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அவர் செய்திருக்க மாட்டார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லையே. ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் ஒரு மனிதன் தனியாக உட்காரக் கூடாது, அவ்வளவுதான்."

இரண்டரை வருஷம் விசாரணை நடந்தது. சரக்கு திருட்டுப் போகவில்லை. வேறொரு பிரிவுக்குக் கொடுத்ததை லெட்ஜரில் பதியாமல் விட்டிருந்தார்கள். அந்த மராட்டியர் பழைய செல்லான்களைக் கட்டுக் கட்டாகப் புரட்டிக் கண்டுபிடித்தார். என் நண்பன் முழுச் சம்பளத்தோடு திரும்பி வந்தான். அதற்குள் எனக்குப் பதவி உயர்வும் வந்திருந்தது.

அந்த வாரமே ஸ்வீட் வாங்கிக்கொண்டு அவன் அகத்துக்குப் போனேன். கதவைத் திறந்தான். சிரித்த முகம்தான். "வாங்கோ சார், உட்காருங்கோ" என்றான்.

பதினோரு வருஷமாக 'வாடா' என்றவன். கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி வந்தால் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான். மாமி காப்பி கொடுத்தாள். குழந்தைகள் வந்து நமஸ்காரம் பண்ணின. எல்லாம் முறைப்படி நடந்தது. டேப் ரிக்கார்டர் அதே மேஜையில் இருந்தது. யாரும் போடவில்லை.

அவன் மாற்றலாகிச் சென்னைக்குப் போனான். 2009ல் காலமானான். சுபஸ்வீகாரத்துக்குப் போயிருந்தேன். மாமி என்னைப் பார்த்து, "உங்களைப் பத்தி அவர் ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்லை" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்க வேண்டியவன் படத்தில் மாலையோடு இருந்தான்.

இரண்டு கேள்விகள்

நான் சயன்ஸ் படித்தவன். கல்லூரி லேபில் எங்கள் ஆசிரியர் ஒரு பாடம் சொல்வார்: கண்ணால் பார்த்த ரீடிங்கை மட்டும் எழுது, வர வேண்டியது என்று நினைக்கிறதை எழுதாதே. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளத்தான் அந்தப் படிப்பு. ஆனால் என் நண்பன் விஷயத்தில் நான் அந்தப் பாடத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். "உண்மை தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமானவன் போலத் தோன்றியது.

தப்பு எங்கே என்று பிற்பாடு புரிந்தது. இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். அவன் செய்தானா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல விசாரணை அதிகாரி இருக்கிறார், கோர்ட்டு இருக்கிறது. நான் அவன் அகத்துக்குப் போகலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். முதல் கேள்விக்கு விடை வரட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போட்டேன். விடை வந்தபோது இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. "நான் ஜெயிலுக்குப் போனா" என்று அவன் கேட்டபோது 'நிரபராதி என்று தீர்ப்பு வந்தால்' என்று நான் நிபந்தனை போடவில்லையே!

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முக்கியமானது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். லக்ஷ்மிகாந்தன் எழுதியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அவர் நடுத்தெருவில் குத்துப்பட்டு இறந்த மனிதர். பாகவதர் ரசிகர்களின் பேச்சில் இந்த ஒரு விஷயம் மட்டும் சுத்தமாகக் காணாமல் போய்விடும். எங்கள் திண்ணையிலும் அப்படித்தான். அன்று ராத்திரி முழுக்க அவர் பெயர் 'அந்தப் பாவி' என்று மட்டும் ஒருமுறை வந்தது. சிநேகிதனுக்குத் துணை நிற்பது என்றால் புகார் சொன்னவரைத் தூற்றுவது என்று அர்த்தமில்லை. சாட்சியைக் கலைப்பது, "எனக்கு அவரை முப்பது வருஷமாகத் தெரியும், அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர் வாயை அடைப்பது, இதெல்லாம் விசுவாசத்தில் சேராது. இப்போதெல்லாம் சிஷ்யைகளும் சின்னக் கலைஞர்களும் தைரியமாக முன்வந்து பேசும்போது, பெரிய மனிதர்களின் சிநேகிதர்கள் அவசரமாக விடும் அறிக்கைகள் எனக்கு அதனால்தான் உறுத்துகின்றன. அந்த மராட்டியர் அறிக்கை எதுவும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தார்.

ஒரு மாமியின் கேள்வி

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு மாமி கேட்ட கேள்வியையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். "உங்கள் நண்பர் நிரபராதி என்று தெரிந்துவிட்டது, அதனால் சுலபமாகச் சொல்கிறீர்கள். நிஜமாகவே திருடியிருந்தால்?"

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுதான் சரியான கேள்வி. நான் சொன்ன பதில் இது: "திருடியிருந்தால் தண்டனை அனுபவிக்கத்தான் வேண்டும் மாமி. தப்ப வைக்க நான் உதவக் கூடாது. ஆனால் அந்த ஒன்றரை வருஷச் சாப்பாடு திருட்டுச் சாப்பாடு ஆகிவிடாதே. பட்சணத்தோடு ஜெயில் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே வைத்து, 'ஏன்டா இப்படிப் பண்ணினே' என்று கேட்டிருக்கலாம். கேட்கிற உரிமை போகிறவனுக்குத்தான் உண்டு." மாமி தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, போதும் உட்காரும் என்றாரா என்று தெரியவில்லை.

ரசிகர்களாகிய நமக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு வித்வானோ நடிகரோ செய்தியில் அடிபடும்போது, அவருடைய சிநேகிதர் பேசினாரா, பேசவில்லையா என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். அவர் ராத்திரியில் எந்த வாசலுக்குப் போனார் என்பது நமக்குத் தெரியாது. நாம் தியேட்டரில் உட்கார்ந்து ஹரிதாஸ் பார்த்தவர்கள். டிக்கெட் காசுக்கு மேல் நமக்கு அதில் செலவு கிடையாது.

அந்த நேரத்தை நம் சொந்தக் கணக்கைப் பார்க்கச் செலவிடலாம். நமது அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு ஊரிலும் வேலை போனவர், வழக்கில் சிக்கியவர், பிள்ளையின் விவாகரத்தால் தலைகுனிந்து கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டவர் என்று ஓர் அகமாவது இருக்கும். உண்மை என்ன என்று விசாரிக்கப் போக வேண்டாம். சும்மா போய் வாருங்கள். உங்களை அவர்கள் இன்னும் 'வா' என்று கூப்பிடும்போதே போய் வாருங்கள்.